ரயில் போகும் வரை ரயில்

ஒரு காலத்தில் கோவில்பட்டியில் ரயில் ஏறினால் கொழும்பில் போய் இறங்கலாம். இடையில் ஒரே ஒரு மாற்றம்: தூத்துக்குடியில் கப்பல். 1876-ல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குத் தண்டவாளம் போட்ட பிறகு, சென்னையிலிருந்து இலங்கைக்குப் போன தபாலும் பயணிகளும் இந்தக் கரிசல்காட்டைக் கடந்துதான் போக வேண்டியிருந்தது. 1914-ல் பாம்பன் பாலம் திறந்து, ‘போட் மெயில்’ ரயில் தனுஷ்கோடிப் பக்கம் திரும்பும் வரை இதுதான் பாதை. ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியதும் இதே தூத்துக்குடி–கொழும்புத் தடத்தில் கப்பல் விடத்தான். தூத்துக்குடிக்கு முந்தைய தட்டப்பாறையில் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் கூலிகளைத் தங்கவைக்கும் முகாம் இருந்தது. வானம் பார்த்த பூமியில் மழை பொய்த்த வருஷங்களில் ஊரைவிட்டுப் போனவர்கள் அந்த வழியாகத்தான் கடல் தாண்டினார்கள்.

இன்று கரிசல் மண்ணிலிருந்து வெளிநாடு போகிறவர்களின் கதை வேறு. மகனோ மகளோ துபாயிலும் சிங்கப்பூரிலும் நியூஜெர்சியிலும் வேலையில் இருக்கிறார்கள். பெற்றோர் போய்ப் பார்க்கிறார்கள். தீப்பெட்டித் தொழிலும் கடலை மிட்டாய் வியாபாரமும் நடத்துகிற குடும்பங்கள் பள்ளி விடுமுறையில் இலங்கைக்கோ மலேசியாவுக்கோ கிளம்புகின்றன. டிக்கெட் போட்டு, விசா வாங்கி எல்லாம் முடிந்ததும் வீட்டில் ஒரு பேச்சு வரும். அங்கே போய் இறங்கிய பிறகு சுற்றிப் பார்க்க வண்டி எடுப்பதா, ரயிலில் போவதா?

“வண்டி எடுத்துருவோம்ப்பா. உங்களையும் அம்மாவையும் வச்சுக்கிட்டு ரயில்ல ஏறி எறங்க முடியுமா?” என்று மகன் சொல்வான். பேச்சு அதோடு முடிந்துவிடும். அக்கறையில் வரும் பதில்தான் அது. ஆனால் பல நாடுகளில் அது தவறான பதில்.

இதே குடும்பம் உள்ளூரில் எப்படிப் பயணம் செய்கிறது என்று பார்த்தால் விஷயம் விளங்கும். சென்னையில் இருக்கும் சொந்தக்காரர்கள் கழுகுமலைக் கோயிலுக்கு வர வேண்டும். இரவு எழும்பூரில் முத்துநகர் எக்ஸ்பிரஸோ நெல்லை எக்ஸ்பிரஸோ ஏறிப் படுத்துவிடுவார்கள். காலையில் கோவில்பட்டியில் இறங்கிக் குளித்துவிட்டு, மிச்சமுள்ள இருபது கிலோமீட்டருக்குப் பஸ்ஸோ வாடகைக் காரோ பிடிப்பார்கள். பாரதி பிறந்த எட்டயபுரத்துக்கும் அப்படித்தான். ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட நான்கு வழிச்சாலையை ராத்திரி முழுக்கக் கண் விழித்து ஓட்டிவர, வீட்டுப் பெரியவர்கள் லேசில் சம்மதிப்பதில்லை. தண்டவாளம் போகும் வரை ரயில், அதற்கப்புறம் வண்டி. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமலே ஊருக்குப் பழகிப்போன இந்தக் கணக்கு, விமானத்தை விட்டு இறங்கியதும் மறந்துபோகிறது.

இலங்கையில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். இங்கிருந்து போகிற குழுக்கள் பெரும்பாலும் கொழும்பில் இறங்கியதும் ஒரு வேனில் ஏறி, ஊர் திரும்பும் நாள் வரை அதிலேயே சுற்றுகின்றன. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏறக்குறைய 400 கிலோமீட்டர். வேனில் குலுங்கிக்கொண்டு போகும் அந்தத் தூரத்துக்கு ரயில் இருக்கிறது. 1956-ல் ஓடத் தொடங்கிய ‘யாழ்தேவி’ அந்தத் தடத்தின் புகழ்பெற்ற வண்டி. போரினால் 1990 ஜூனில் யாழ்ப்பாணத்துக்கு ரயில் நின்றது. அதன் பிறகு 24 ஆண்டுகள் யாழ்ப்பாணம் ரயிலைப் பார்க்கவில்லை. இந்தியக் கடனுதவியில் இந்திய ரயில்வே துறையின் இர்கான் நிறுவனம் பாதையை மறுபடி போட்டுத்தர, 2014 அக்டோபர் 13 அன்று யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் ரயில் வந்தது. அடுத்த ஜனவரியில் காங்கேசன்துறை வரைக்கும் போனது.

கரிசல்காட்டுக்காரர் ஒருவர் அந்த ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து போவது சாதாரண அனுபவம் அல்ல. வவுனியாவைத் தாண்டியதும் காடு. கிளிநொச்சி, பரந்தன் கழிந்ததும் இரண்டு பக்கமும் வெளி திறந்து, ஆனையிறவில் களப்பு நீர் தெரியும். உப்பளத்துக்குப் பேர்போன இடம் அது. தூத்துக்குடிப் பக்கம் பாத்தி பாத்தியாக உப்பு விளைவதைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்குச் சொந்த ஊர் வந்துவிட்டதுபோல இருக்கும். பிறகு பனைகள், கொடிகாமம், சாவகச்சேரி. ஒவ்வொரு நிலையத்திலும் பெயர்ப்பலகையில் தமிழ். எதிர் இருக்கையில் இருப்பவர் “எங்கயிருந்து வாறியள்?” என்று கேட்பார். வேனில் போகிறவருக்குப் பேசக் கிடைப்பது டிரைவர் ஒருவர்தான்.

நுவரெலியாவுக்கும் இதே முறைதான். அங்கே ரயில் நிலையம் கிடையாது. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஏறி வரும் பதுளை ரயிலில் வந்து நானுஓயாவில் இறங்கி, மீதித் தூரத்துக்கு வண்டி பிடிக்க வேண்டும். கோவில்பட்டியில் இறங்கிக் கழுகுமலை போவதைவிடவும் கிட்டம். திருகோணமலைக்கு ரயில் உண்டு. மன்னார்ப் பாதையில் திருக்கேதீஸ்வரம் என்ற பெயரிலேயே ஒரு நிலையம் உண்டு. கதிர்காமத்துக்கு இல்லை, அங்கே வண்டிதான். மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்து ரயில் நிற்பதும் வழக்கம் என்பதால், கிளம்பும் முன் ஓடுகிறதா என்று விசாரித்துக்கொள்வது நல்லது.

மலேசியாவில் பத்துமலை முருகனைப் பார்க்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், கோலாலம்பூர் சென்ட்ரலில் புறப்படும் கொமுட்டர் ரயில் பத்துமலை வாசலிலேயே நிற்கிறது என்று? பினாங்கு போக, மின்சார ரயிலில் பட்டர்வொர்த் வரை போனால் நிலையத்தை ஒட்டியே படகுத்துறை. இங்கெல்லாம் சுங்கச்சாவடிகளுக்குக் காசு கட்டி, நிறுத்த இடம் தேடிக் கார் ஓட்டுவது வீண் வேலை.

ஐரோப்பாவுக்குப் போனால் நிலைமை இன்னும் தெளிவு. நம்மவர்கள் ஆசைப்படும் சுவிட்சர்லாந்தில் கார் எடுத்துக்கொண்டு செர்மாட் போக முடியாது. ஐந்து கிலோமீட்டருக்கு முன்னாலேயே டேஷ் என்ற ஊரில் காரை நிறுத்திவிட்டு ரயிலில்தான் ஏற வேண்டும், ஏனென்றால் செர்மாட்டுக்குள் வெளியாட்களின் காருக்கு அனுமதியில்லை. 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கும் யுங்ஃப்ராவ்யோக்குக்கு 1912 முதல் ரயில் போகிறது, சாலையே கிடையாது. 1982-ல் அந்த நாடு முக்கியத் தடங்களிலெல்லாம் மணிக்கு ஒரு ரயில் என்று ஒழுங்கு செய்தது. மலைக்கிராமத்து மஞ்சள் பஸ் ரயில் வரும் நேரத்துக்குக் காத்து நிற்கும்படி அட்டவணை போட்டிருக்கிறார்கள். விளாத்திகுளத்துக்குக் கடைசி பஸ் போய்விட்டதா என்று பதறிப் பழகியவருக்கு அந்த அட்டவணை ஒரு பெரிய நிம்மதி.

இத்தாலியில் வாடகைக் கார் எடுப்பவருக்கு வேறொரு ஆபத்து. ரோம், ஃபிளாரன்ஸ், பிசா போன்ற நகரங்களின் பழைய மையப் பகுதிக்குள் அனுமதி பெற்ற வண்டிகள்தான் போகலாம். தெரியாமல் நுழைந்தால் கேமரா நம்பரைப் படம் பிடித்துவிடும். ஊருக்குத் திரும்பிச் சில மாதங்கள் கழித்து அபராதச் சீட்டு வீடு தேடி வரும். விலாசம் கொடுத்ததற்கு வாடகை நிறுவனம் தனியாக ஒரு தொகையை ஏற்கெனவே கார்டில் எடுத்திருக்கும். ஒரே தெருவில் இரண்டு முறை போயிருந்தால் இரண்டு அபராதம்.

ஓட்டும் கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மதுரை–கன்னியாகுமரி நான்கு வழிச்சாலையில் பல வருஷம் ஓட்டியவர் நல்ல டிரைவராகவே இருக்கட்டும். ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளிலும் அமெரிக்காவிலும் வளைகுடாவிலும் சாலையின் வலப்பக்கம் போக வேண்டும், ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும். கியர் மாற்றப் போகிற இடது கை கதவில் முட்டும். இண்டிகேட்டர் போட நினைத்தால் வைப்பர் ஓடும். இவையெல்லாம் இரண்டு நாளில் பழகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் முதல் நாள், ராத்திரி விமானத்தில் தூங்காமல் வந்து, பின்சீட்டில் அப்பா அம்மாவை உட்காரவைத்துக்கொண்டு, தெரியாத ரவுண்டானாவுக்குள் நுழைகிற அந்த முதல் ஒரு மணி நேரத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். பழக்கமில்லாத கையும் தூக்கக் கலக்கமும் ஒரே நாளில் சேரக் கூடாது.

செலவுக் கணக்கில் கார் பக்கமும் நியாயம் இருக்கிறது. நான்கு பேர் போனால் நான்கு டிக்கெட், காருக்கு ஒரே வாடகை. ஜப்பானில் வெளிநாட்டுப் பயணிகளுக்கான ஏழு நாள் ரயில் பாஸ், 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து ஒரேயடியாக 50,000 யென்னாக ஏறியது. அதனால் பாஸ் வாங்குவதா, தனித்தனி டிக்கெட் எடுப்பதா என்று கணக்குப் பார்த்தே ஆக வேண்டும். ஆனால் காருக்கு விளம்பரத்தில் தெரியும் வாடகை முழுச் செலவு ஆகாது. கிரெடிட் கார்டில் முடக்கிவைக்கும் முன்பணம், விபத்து நேர்ந்தால் நம் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கு, அதைக் குறைக்கக் கூடுதல் காப்பீடு, கியர் இல்லாத வண்டிக்கு அதிக வாடகை, ஒரு ஊரில் எடுத்து இன்னொரு ஊரில் விட்டால் தனிக்கட்டணம், பெட்ரோல், சுங்கம், பார்க்கிங் என்று ஒவ்வொன்றாகச் சேரும். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்த பிறகுதான் எது மலிவு என்று பேச வேண்டும்.

ரயிலின் கஷ்டத்தையும் மறைக்க வேண்டியதில்லை. 23 கிலோப் பெட்டியில் கருப்பட்டியும் சீனிச்சேவும் ஊறுகாயும் அடைத்துக்கொண்டு போகும் அம்மாவுக்கு, இரண்டே நிமிஷம் நிற்கும் ரயிலில் ஏறுவது சிரமம்தான். ஜப்பானின் டோக்கைடோ புல்லட் ரயிலில் 160 சென்டிமீட்டருக்கு மேல் கூட்டளவு வரும் பெட்டிகளுக்கு 2020 முதல் இடம் முன்பதிவு செய்தாக வேண்டும். ஆனால் அந்த நாட்டிலேயே பெட்டியை முந்தின நாள் ஒப்படைத்தால் அடுத்த ஊர் ஹோட்டலில் கொண்டுவந்து சேர்க்கும் கூரியர் வசதியும் இருக்கிறது. மூட்டைதான் பிரச்சினை என்றால் மூட்டையை வண்டியில் அனுப்பலாம். மனிதர்கள் ரயிலில் போகலாம்.

ரயில் உதவாத நாடுகளும் உண்டு. ஐஸ்லாந்தில் பயணிகள் ரயிலே கிடையாது. அமெரிக்காவில் நியூயார்க்கிலிருந்து வாஷிங்டன் போக ரயில் நன்றாக இருக்கிறது. ஆனால் 1976-ல் எழுந்த பிட்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோயிலுக்கு நியூயார்க்கிலிருந்து ரயிலில் போனால் ஒன்பது மணி நேரத்துக்கு மேல். காரில் ஆறேழு மணி நேரம். அங்கே கார்தான் சரி. அங்கேயே குடியிருந்து ஓட்டிப் பழகிய மகன் ஓட்டட்டும். நம் ஊர் லைசென்ஸில் ஓட்ட நினைப்பவர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஆயிரம் ரூபாய் கட்டி, ஒரு வருஷம் செல்லும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியைக் கையில் வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டும்.

வண்டியா ரயிலா என்ற பேச்சில் யாரும் எடுக்காத ஒன்று மிச்சமிருக்கிறது. வருஷத்துக்கொரு முறை பார்க்கும் பிள்ளையோடு பெற்றோர் செலவிடும் நாள்கள் பத்தோ பதினைந்தோ. கார் எடுத்தால் மகன் முன்னால் சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பான், அப்பாவுக்கு அவன் பிடரி தெரியும். “பேசாதீங்கப்பா, வழி பார்க்கணும்” என்பான். ரயிலில் நான்கு பேரும் எதிரெதிரே உட்காரலாம். புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்கலாம். பேரப்பிள்ளை ஜன்னலைப் பார்த்துக் கேட்கும் கேள்விக்குத் தாத்தா பதில் சொல்லலாம். இத்தனை பணம் செலவழித்துப் போவது இதற்காகத்தான்.

அடுத்த விடுமுறைக்கு இலங்கை போகத் திட்டமிடுகிறவர்கள் வேனுக்குப் பேசி முடிக்கும் முன், வரைபடத்தில் தண்டவாளம் எதுவரை போகிறது என்று பார்த்துவிடுங்கள். இலங்கை ரயில்வேயில் முன்பதிவு 30 நாளைக்கு முன்பு திறக்கிறது. சீசன் நேரத்தில் பதுளை ரயிலின் இருக்கைகள் வெகு வேகமாகத் தீர்ந்துவிடும். டிக்கெட்டை முதலில் எடுங்கள்; மிச்சமுள்ள தூரத்துக்கு மட்டும் டிரைவரோடு ஒரு வண்டி பேசிக்கொள்ளுங்கள்.