மறைத்து விழுங்கும் மாத்திரை

எச்ஐவிக்கு முதல் மருந்தான ஏஇசட்டி 1987 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, நடுராத்திரியிலும் எழுந்து விழுங்க வேண்டும். மணியடிக்கும் மாத்திரை டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டுதான் பலர் வெளியே போனார்கள். அளவு மிக அதிகம். ரத்தசோகை வந்து, ரத்தம் ஏற்றிக்கொண்டே மருந்தைத் தொடர்ந்தவர்கள் உண்டு. அப்படியும் ஒற்றை மருந்துக்கு வைரஸ் சீக்கிரமே பழகிக்கொண்டது.

அதற்கு ஓராண்டு முன்பு, 1986இல், சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் மாணவி நிர்மலாவும் பாலியல் தொழில் செய்த பெண்களின் ரத்த மாதிரிகளைச் சேகரித்திருந்தார்கள். வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தபோது ஆறில் எச்ஐவி தெரிந்தது. இந்தியாவில் முதன்முதலில் கண்டறியப்பட்டவர்கள் அவர்கள்தான். அவர்களுக்குக் கொடுக்க நம்மிடம் ஒன்றுமே இருக்கவில்லை.

மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் வைரஸ் அடங்கும் என்பது 1996இல் உறுதியானது. ஆனால் ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் செலவு. 2001இல் இந்திய மருந்து நிறுவனமான சிப்லா அதே முறை மருந்தை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்த பிறகுதான் ஏழை நாடுகளுக்கு வழி பிறந்தது. 2004 ஏப்ரல் 1 அன்று இந்திய அரசு இலவசக் கூட்டு மருந்து சிகிச்சையைத் தொடங்கியது. தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையும் அதில் இடம்பெற்றது. காசநோய்க்காரர்களுக்காக எழுந்த அந்தச் சானடோரியத்தில் எச்ஐவி நோயாளிகள் வரிசையில் நின்றார்கள்.

அந்த மலிவு மருந்தில் ஸ்டாவுடின் என்றொன்று இருந்தது. அது உயிரைக் காப்பாற்றியது; கூடவே முகத்தின் கொழுப்பையும் கரைத்தது. கன்னம் ஒட்டி, நெற்றிப்பொட்டுகள் குழிந்து, கைகால்கள் குச்சியாகி நரம்பு புடைத்துத் தெரியும். பாதத்தில் இரவெல்லாம் எரிச்சல். நோயை மறைக்க நினைத்தவரின் முகமே ஊருக்கு அதைச் சொல்லிவிட்டது. பணக்கார நாடுகள் அதைக் கைவிட்டு வந்த காலத்திலும் நம்மவர்கள் அதைத்தான் விழுங்கினார்கள். படிப்படியாக நிறுத்துங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது 2009இல். இன்றைய மாத்திரையின் பாதுகாப்பில் அந்த முகங்களுக்குப் பங்குண்டு. அந்தக் கடனை நாம் இன்னும் சரியாக எழுதிவைக்கவில்லை.

இப்போது இந்தக் கூட்டு மருந்து சிகிச்சை தரும் ஏஆர்டி மையங்களில் பெரும்பாலோருக்குத் தருவது டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் மூன்றும் அடங்கிய ஒரே மாத்திரை. நாளுக்கு ஒருமுறை போதும். பக்கவிளைவுகளும் முன்பைவிட வெகு குறைவு. தவறாமல் எடுத்து, வைரஸ் சோதனையில் தென்படாத அளவுக்கு இறங்கிவிட்டால், உடலுறவின் வழியே மற்றவருக்குத் தொற்றாது. சீக்கிரமே சிகிச்சை தொடங்கினால் துணைக்குத் தொற்றுவது 96% குறைகிறது என்று 2011இல் காட்டிய ஆய்வில் சென்னைத் தம்பதியரும் பங்கேற்றிருந்தார்கள்.

அப்படியானால் இனி ஆபத்து எங்கே இருக்கிறது? ஒளித்து வைப்பதில் இருக்கிறது என்பதே என் எண்ணம். மாமியார் கண்ணில் படக்கூடாதென்று லேபிளைக் கிழிக்கிறார்கள். ஈரத்தை உறிஞ்சும் சிறு பொட்டலத்தோடு வரும் புட்டியை எறிந்துவிட்டு, மாத்திரையைக் காகிதத்தில் மடித்து அரிசிப் பானையில் புதைக்கிறார்கள். கல்யாண வீட்டுக்குப் போனால் நான்கு நாள் மாத்திரை கிடையாது. அப்படி விட்டுவிட்டு எடுக்கும்போதுதான் வைரஸ் மருந்தை எதிர்க்கக் கற்றுக்கொள்கிறது. மஞ்சள்காமாலை பி வைரஸும் சேர்ந்து இருப்பவர் திடீரென நிறுத்தினால் கல்லீரல் அழற்சி சீறிக் கிளம்பும். அந்த வைரஸையும் இதே மாத்திரைதான் அடக்கி வைத்திருக்கிறது.

சொல்லாமல் விடுவதிலும் அதே ஆபத்துதான். நெஞ்செரிச்சலுக்குக் கடையில் வாங்கும் அலுமினியம், மெக்னீசியம் கலந்த மருந்து, டொலுடெக்ராவிரைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த மருந்துக்கு இரண்டு மணி நேரம் முன்போ, ஆறு மணி நேரம் கழித்தோதான் டொலுடெக்ராவிரை எடுக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிக்குத் தரும் இரும்பு, கால்சியம் மாத்திரைகளை வெறும் வயிற்றில் இதோடு சேர்த்துப் போட்டாலும் இதே கதைதான்; சாப்பாட்டோடு சேர்த்து எடுத்தால் தொல்லையில்லை. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவருக்கு டொலுடெக்ராவிர் இரண்டு வேளை தேவைப்படும். டெனோஃபோவிர் எடுப்பவரின் சிறுநீரகத்தை அவ்வப்போது சோதிக்க வேண்டும். அவர் மூட்டுவலிக்குத் தானாக வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது நல்லதல்ல.

2004இல் நாற்பது வயதில் சிகிச்சை தொடங்கியவருக்கு இன்று அறுபது தாண்டிவிட்டது. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு எல்லாம் வந்து சேர்ந்திருக்கும். டொலுடெக்ராவிரோடு மெட்ஃபார்மின் நாளுக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று பொதுவாக அறிவுறுத்துகிறார்கள். சர்க்கரை டாக்டருக்கு விஷயம் தெரியாவிட்டால் அந்த வரம்பை அவர் எப்படிக் காப்பார்? நோயாளியின் சம்மதமில்லாமல் நோய் விவரத்தை வெளியிடக் கூடாது, சிகிச்சை மறுக்கக் கூடாது என்று எச்ஐவி பற்றிய 2017ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் புறநோயாளிப் பிரிவில் டாக்டர் மேசையைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்கும்போது, “வேறென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?” என்ற கேள்விக்கு யார் வாய்திறப்பார்கள்? ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் அந்தக் கேள்வியைத் தனியாகக் கேட்க ஒரு தடுப்பும், பதிலைக் கேட்டு முகம் மாறாத ஒரு ஊழியரும் வேண்டும்.