சொன்னபடி வெட்டிய பையன்

நியூஜெர்சியில் மகன் வீட்டு ஹாலில், சாமி படத்துக்குப் பக்கத்து அலமாரியில், கெட்டியான பிளாஸ்டிக் பெட்டி ஒன்று நிற்கிறது. உள்ளே 1974 நவம்பர் தேதியிட்ட 'இன்க்ரெடிபிள் ஹல்க்' காமிக்ஸின் 181-ம் இதழ். அன்றைக்கு அதன் விலை 25 சென்ட். பெட்டியின் தலையில் நீல லேபிள், அதில் 7.5 என்று மதிப்பெண். "எவ்வளவுடா கொடுத்த?" என்று கேட்டேன். "அம்மாகிட்ட சொல்லாதீங்கப்பா" என்றுதான் பதில் வந்தது.

நான் சிவகாசியில் 34 வருஷம் அச்சகத்தில் நின்றவன். காலண்டர், தீப்பெட்டி லேபிள், பட்டாசு லேபிள், நடுவில் கொஞ்ச காலம் சிறுவர் புத்தகங்கள். எந்தப் புத்தகம் கைக்கு வந்தாலும் முதலில் அதன் முதுகைத்தான் பார்ப்பேன். பின் சரியாக விழுந்திருக்கிறதா, கட்டிங் நேராக இருக்கிறதா, கலர் ரிஜிஸ்டர் நிற்கிறதா. கதையெல்லாம் அப்புறம். இந்தப் பெட்டியையும் அப்படித்தான் திருப்பினேன். அட்டை ஒரு நூல் தள்ளி மடிந்திருந்தது. எங்கள் ஊரில் என்றால் பார்ட்டி பில்லில் கழித்துவிடுவார்.

"இதுக்கு மார்க் குறைக்கலையா?"

"அது பிரஸ்லயே நடந்ததுப்பா. அதுக்குப் பெருசா குறைக்க மாட்டாங்க. கை பட்டு வந்த மடிப்புக்குத்தான் குறைப்பாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிழை எங்களுடையது, தண்டனை படித்தவனுக்கா?

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 2000-ல் சிஜிசி என்ற நிறுவனம் தொடங்கியது. பழைய காமிக்ஸை அனுப்பினால் பக்கங்களை எண்ணி, பின் துருப்பிடித்திருக்கிறதா, காகிதம் எவ்வளவு பழுத்திருக்கிறது, யாராவது கலர் தொட்டு ஒப்பேற்றியிருக்கிறார்களா என்று பார்த்து, 0.5 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக்கில் அடைத்துத் திருப்பித் தருவார்கள். அடைத்தபின் படிக்க முடியாது; படிக்க வேண்டுமானால் பெட்டியை உடைக்க வேண்டும், உடைத்தால் மதிப்பெண் போச்சு. முதுகோரத்தில் அரிசி நீளம்கூட இல்லாத வெள்ளைக் கோடுகள் சில விழுந்திருந்தால் 9.8 இறங்கி 9.2 ஆகிவிடும். அந்தக் கோடு எப்படி வருகிறது? புத்தகத்தைப் பிரித்தால் வருகிறது. அவ்வளவுதான்.

இதில் இன்னொரு கூத்து. 1950-களின் கடைசியிலும் 60-களின் தொடக்கத்திலும் வந்த மார்வெல் கம்பெனி இதழ்கள் பலவற்றின் ஓரம் எலி கொறித்ததுபோல் உதிர்ந்திருக்கும். 'மார்வெல் சிப்பிங்' என்று அதற்குப் பெயரே உண்டு. கட்டிங் மிஷினில் கத்தி மழுங்கியிருந்தால் அப்படித்தான் வரும். கத்தியைச் சாணை பிடிக்காத குற்றத்துக்குப் பட்டப்பெயர் கொடுத்துக் கொண்டாடியது எனக்குத் தெரிந்து இந்த ஒரு தொழிலில்தான்.

என் மகனின் 181-க்கு வருகிறேன். வுல்வரின் என்ற கதாபாத்திரம் முழுதாகத் தோன்றும் முதல் இதழ் அது. முந்தைய இதழின் கடைசிக் கட்டத்தில் சும்மா தலைகாட்டியதோடு சரி. எழுதியவர் லென் வீன், வரைந்தவர் ஹெர்ப் டிரிம்ப். இதன் வாசகர் கடிதப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்டாம்ப் அச்சிட்டிருக்கும். 1974-ல் மார்வெல் தொடங்கிய திட்டம் அது: இதழ்தோறும் ஸ்டாம்பை வெட்டி எடு, நூறு சேர்த்து ஆல்பத்தில் ஒட்டு. கம்பெனியே சொன்னது. பிள்ளைகள் கத்தரிக்கோலை எடுத்தார்கள், வெட்டினார்கள்.

இன்று 181-ஐ விற்க வருகிறவரிடம் கேட்கும் முதல் கேள்வியே "ஸ்டாம்ப் இருக்கா?" என்பதுதான். இல்லாவிட்டால் அது குறைப் பிரதி; விலை பாதாளத்துக்குப் போய்விடும். 9.8 பிரதி பல பத்தாயிரம் டாலருக்குக் கைமாறுகிறது. சொன்ன பேச்சைக் கேட்ட பையனின் புத்தகத்துக்கு மதிப்பில்லை. தீப்பெட்டி லேபிளை நனைத்து உரித்து நோட்டில் ஒட்டிய பிள்ளைகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த அமெரிக்கப் பையன் பக்கம்தான் நிற்பேன்.

அவனுக்கு இந்தச் சந்தை நன்றிக்கடன் பட்டிருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். சூப்பர்மேன் பிறந்த 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழ் 1938-ல் 10 சென்ட்டுக்கு வந்தது. சுமார் 2 லட்சம் பிரதி அடித்தார்கள். இன்று மிஞ்சியிருப்பது நூறு சொச்சம் என்பது பொதுவான கணிப்பு. மற்றதெல்லாம் எங்கே? படித்துக் கிழித்தார்கள், போர்க்காலத்தில் பழைய காகிதத்துக்குப் போட்டார்கள், அம்மாக்கள் குப்பையில் எறிந்தார்கள். அதனால்தான் 9.0 பிரதி ஒன்று 2014-ல் 32 லட்சம் டாலருக்குப் போனது. மாறாக, 1992-ல் சூப்பர்மேன் சாகும் 75-ம் இதழைக் கறுப்புப் பையில் போட்டு விற்றார்கள். ஜனங்கள் பிரிக்காமலே பரணில் வைத்தார்கள், பிள்ளை படிப்புக்கு ஆகும் என்று. எல்லோரும் வைத்தார்கள். அதனாலேயே இன்று அது சல்லிசாகக் கிடைக்கிறது. 1996 டிசம்பரில் மார்வெல்லே திவால் மனு கொடுத்ததற்கு அந்தக் காலத்து ஊக வியாபாரமும் ஒரு காரணம்.

பத்திரப்படுத்துவதே தப்பு என்று நான் சொல்லவரவில்லை. நியூஸ்பிரிண்ட்டின் ஜென்மம் எனக்குத் தெரியும். மரக்கூழில் இருக்கும் லிக்னின் வெளிச்சம் பட்டாலே பழுப்பாகும், பிறகு அப்பளம். கொலராடோவின் டென்வரில் எட்கர் சர்ச் என்ற விளம்பர ஓவியர் வருஷக்கணக்காக வாங்கி அடுக்கிய ஆயிரக்கணக்கான காமிக்ஸை 1977-ல் சக் ரொசான்ஸ்கி என்ற வியாபாரி வாங்கினார். வறண்ட மலைக்காற்று, இருட்டு அறை. ஒன்றின் மேல் ஒன்றாக அழுந்தி, கடைக்கு வந்த அன்றைக்கு இருந்தபடியே இருந்தன. சர்ச் மதிப்பெண்ணுக்காக அடுக்கவில்லை, அப்படியொன்று அப்போது கிடையாது. ஸ்பைடர்மேனின் முதல் கதை வந்த 'அமேசிங் ஃபேன்டஸி' 15-ம் இதழின் 9.6 பிரதி 2021-ல் 36 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அதே இதழுக்கு ஸ்டீவ் டிட்கோ கையால் வரைந்த அசல் 24 பக்கங்களை, 2008-ல் யாரோ ஒருவர் பெயர் சொல்லாமல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்குச் சும்மா கொடுத்துவிட்டுப் போனார். சேகரிப்பாளர் என்றால் என் கணக்கில் அவர்.

எங்கள் ஊரில் 1972-ல் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கிய முத்து காமிக்ஸின் பழைய இதழ்களைத் தேடி என்னிடமும் சிலர் வந்திருக்கிறார்கள். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: "அண்ணாச்சி, பக்கம் பூரா இருக்கா?" அட்டை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கதை அறுந்துவிடக் கூடாது.

போன ஞாயிற்றுக்கிழமை மகன் ஒரு காமிக்ஸ் சந்தைக்கு அழைத்துப் போனான். அவன் பிளாஸ்டிக் பெட்டிகள் பக்கம் போக, நான் மேஜைக்கடியில் இருந்த கழிசல் அட்டைப்பெட்டியைக் கிளறினேன். 1975-ன் ஸ்பைடர்மேன் ஒன்று ஐந்து டாலருக்குக் கிடைத்தது. கடிதப் பக்கத்தில் சதுர ஓட்டை. இரண்டு பக்கம் நேராக வந்த கத்தரி மூன்றாவது பக்கத்தில் வழுக்கியிருக்கிறது. ஓட்டை வழியாக அடுத்த பக்கத்தில் யாரோ ஒருவரின் முழங்கை தெரிந்தது.

"அதைப் போய் எதுக்குப்பா?" என்றான்.

காரில் உட்கார்ந்து முழுக்கப் படித்தேன். முடித்துவிட்டு நடுப்பக்கத்தை விரித்து, நகத்தால் பின்னை நெம்பிப் பார்த்தேன். ஐம்பது வருஷமாயிற்று, இரண்டு பின்னும் பிடி விடவில்லை.