மலைக்குத் தேவை பூட்டு அல்ல, வழிகாட்டி

வெள்ளியங்கிரி மலையேற ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் கட்டணமா என்று 2024 இறுதியில் எழுந்த கூச்சல் பலருக்கும் நினைவிருக்கும். அந்த அக்டோபரில் தமிழ்நாடு அரசு தன் மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 தடங்கள், இணையத்தில் முன்பதிவு, ஒவ்வொரு குழுவுடனும் அந்தந்த வட்டாரத்து வழிகாட்டி என்பது ஏற்பாடு. அந்தப் பட்டியலில் வெள்ளியங்கிரியும் இருந்தது. பக்திக்கு வரி போடுகிறார்கள் என்று உடனே கொடி பிடித்தார்கள். பிப்ரவரி முதல் மே வரை பக்தர்கள் வழக்கம்போல் ஏறலாம், இந்தக் கட்டணம் அவர்களுக்கு அல்ல என்று விளக்கம் வந்ததும் கொடிகள் இறங்கின.

கட்டணத்தைப் பற்றிப் பேசிய ஒருவரும், அதே ஆண்டு மார்ச் இறுதியில் ஓரிரு நாளுக்குள் மூன்று பேர் அந்த மலையில் உயிரிழந்ததைப் பற்றிப் பேசவில்லை. இலவசமாக ஏறும் பருவத்தில், வழிகாட்டி இல்லாமல் ஏறியபோது நேர்ந்த மரணங்கள் அவை.

பருவ காலத்தில் ஓர் இரவு வெள்ளியங்கிரியின் பூண்டி அடிவாரத்துக்குப் போனால் நிலைமை விளங்கும். கோயிலில் கும்பிட்டுவிட்டு, மூங்கில் தடியை வாங்கிக்கொண்டு கூட்டம் கூட்டமாக ஏறத் தொடங்குகிறார்கள். அலுவலகத்தில் நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை பார்த்தவர், வெள்ளி இரவு பேருந்தில் தூங்காமல் வந்தவர், சர்க்கரைக்கு மாத்திரை போடுபவர் என்று எல்லோரும் அதில் உண்டு. முதல் மலையின் செங்குத்தான படிகளிலேயே பாதிப் பேருக்கு மூச்சு வாங்குகிறது. வழுக்குப்பாறை, கைதட்டிச் சுனை, பாம்பாட்டிச் சுனை என்று தாண்டித் தாண்டி ஏழாவது மலை வரை போக வேண்டும். மேலே போகப் போக குளிர்காற்று அறைகிறது. வியர்த்த உடம்பு சட்டென்று நடுங்குகிறது. நெஞ்சு அடைத்தால் தூக்கி வர டோலிதான் கதி. கீழே வந்து சேர மணிக்கணக்காகும். அடிவாரத்தில் வனத்துறை ஊழியர்கள் பைகளைத் திறந்து பார்த்து பிளாஸ்டிக் பொருள்களைப் பறிமுதல் செய்கிறார்கள். அது நல்ல வேலைதான். பையைச் சோதிக்க ஆள் இருக்கும் அதே இடத்தில், ஏறுகிறவரின் ரத்த அழுத்தத்தையும் கட்டாயம் சோதிக்க வேண்டும் என்று ஏன் யாருக்கும் தோன்றவில்லை? இதய நோயாளிகள் ஏற வேண்டாம் என்று அறிவிப்பதோடு கடமை முடிந்துவிடுகிறதா?

இங்கே இன்னொரு முரண்பாடும் இருக்கிறது. காட்டுத்தீ பருவம் என்று காரணம் சொல்லி 2025-இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை அரசின் மலையேற்றத் தடங்கள் மூடப்பட்டன. வழிகாட்டியோடு, பெயர் பதிந்து, எண்ணிக்கை வரம்போடு செல்லும் சிறு குழுவுக்குக் காடு ஆபத்து என்று கதவை அடைக்கிறார்கள். அதே வாரங்களில் வெள்ளியங்கிரியில் பல்லாயிரக்கணக்கானோர் வழிகாட்டி இல்லாமல் இரவில் ஏறுகிறார்கள். ஏறுகிறவர் பக்தரா, சுற்றுலாப் பயணியா என்று பார்த்து நெருப்பு பற்றுவதில்லை.

தீ பருவத்தில் தடங்களை மூடுவதே தவறு என்று சொல்லவில்லை. குரங்கணியை மறந்துவிட்டு யாரும் அப்படிச் சொல்ல முடியாது. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் கொழுக்குமலையிலிருந்து குரங்கணி நோக்கி இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினரைத் தீ சூழ்ந்தது. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 23 உயிர்கள் போயின. உரிய அனுமதியில்லாமல் சென்றார்கள் என்று அரசு சொன்னது. அதிகாரிகள் மீது நடவடிக்கை, விசாரணை, மாநிலம் முழுக்க மலையேற்றத்துக்குத் தடை என்று அடுத்தடுத்து நடந்தன. மலையேற்றத்துக்கென்றே அதே ஆண்டில் விதிகளும் வந்தன.

குரங்கணி சொல்லும் பாடம் வேறு. காய்ந்த புல்வெளியில் தீ சரிவில் மேல்நோக்கித்தான் வேகமாகப் பாயும். தீயைக் கண்டதும் மேலே ஓடுகிறவர் அதனோடு பந்தயம் ஓடுகிறார், ஜெயிக்க முடியாது. பக்கவாட்டில் விலகிப் பாறைத் திட்டையோ, ஏற்கெனவே எரிந்து கருகிய தரையையோ பிடிக்க வேண்டும். இது மலையில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பால பாடம். நகரத்திலிருந்து வந்தவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. அன்றைக்கு ஹெலிகாப்டர் வரும் முன்பே மேலே போய், உயிரோடு இருந்தவர்களைத் துணியிலும் கம்பளியிலும் கிடத்தித் தூக்கிவந்தவர்கள் சுற்றுவட்டாரத்து மக்கள்தான். அவர்களில் நால்வர் காலையிலேயே கூலி பெற்ற வழிகாட்டிகளாக அந்தக் குழுவோடு இருந்திருந்தால், அந்த ஞாயிறு அப்படி முடிந்திருக்காது.

பதிவோடும் வழிகாட்டியோடும் மலை திறந்திருக்கட்டும் என்று சொன்னால் இரண்டு தரப்பிலிருந்து எதிர்ப்பு வரும். காட்டுக்குள் மனிதனே போகக் கூடாது என்பவர்கள் ஒரு தரப்பு. தேயிலைத் தோட்டம், அணை, மின்கோபுரம், சொகுசு விடுதி எல்லாம் ஏறிய மலைகளில், முதுகுப்பையோடு நடக்கிறவன் மட்டும்தான் இவர்கள் கண்ணை உறுத்துகிறான். சாமி மலைக்கு என்ன பதிவு, என்ன கட்டுப்பாடு என்பவர்கள் மறு தரப்பு. சபரிமலைக்கு இணையத்தில் முன்பதிவு செய்து நாளும் நேரமும் வாங்கிக்கொண்டு போகிற அதே மக்கள்தான் பூண்டிக்கும் வருகிறார்கள். அங்கே குறையாத பக்தி இங்கே எப்படிக் குறையும்? இரண்டு தரப்பு வாதத்திலும் சரக்கு இல்லை.

மூடாமலே முறைப்படுத்த முடியும் என்பதற்கு, சாகச விடுமுறைக்குப் பெயர்பெற்ற நியூசிலாந்து உதாரணம். குயின்ஸ்டவுன் அருகே கவாராவ் ஆற்றுப் பாலத்தில், காலில் ரப்பர் கயிற்றைக் கட்டிக்கொண்டு 43 மீட்டர் கீழே குதிக்கும் பஞ்சி விளையாட்டு 1988-இல் நிரந்தரத் தொழிலாகத் தொடங்கியது. ஐம்பது லட்சத்தைச் சற்றே தாண்டிய மக்கள்தொகை கொண்ட அந்த நாட்டின் முக்கிய வருமானங்களில் ஒன்று இன்றைக்குச் சுற்றுலா. அங்கேயும் மரணங்கள் நேர்ந்தன. 2008-இல் அதே கவாராவ் ஆற்றில், பலகையைப் பிடித்து வெள்ளத்தில் மிதந்து செல்லும் விளையாட்டில் ஓர் இளம் பிரிட்டிஷ் பெண் இறந்தார். அந்த நாடு ஆற்றை மூடவில்லை. சாகச விளையாட்டு நடத்தும் நிறுவனங்களின் பாதுகாப்பு நடைமுறைகளை ஆராய்ந்து, 2011-இல் தனி ஒழுங்குமுறை கொண்டுவந்தது. அதன்படி சாகச விளையாட்டை நடத்துகிறவர் வெளித் தணிக்கையாளரின் பாதுகாப்புச் சோதனையில் தேற வேண்டும். அரசுப் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். இல்லையேல் தொழில் நடத்த முடியாது.

2019 டிசம்பர் 9 அன்று அந்நாட்டின் வெள்ளைத் தீவு எரிமலை வெடித்தபோது தீவில் இருந்த 47 பேரில் 22 பேர் இறந்தனர். அந்தத் தீவுக்கான சுற்றுலா நின்றது. ஆனால், நாட்டிலுள்ள மலைகளையெல்லாம் அதற்காக மூடவில்லை. வழக்குகள் நடந்தன, விதிகள் 2024-இல் மேலும் இறுக்கப்பட்டன. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1974 முதல் அங்கே விபத்து இழப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. விபத்தில் அடிபட்டவர் வெளிநாட்டுப் பயணியாக இருந்தாலும் சிகிச்சைச் செலவில் அத்திட்டம் கை கொடுக்கும். யார் மீது தவறு என்ற வழக்கு முடியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்தியாவிலோ மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஆதரவோடு 2018-இல் சாகசச் சுற்றுலாவுக்கு விரிவான வழிகாட்டு நெறிமுறை வெளிவந்தது. அது நெறிமுறைதான், சட்டம் அல்ல. மீறினால் கேட்க ஆளில்லை. விபத்து நடந்த பிறகுதான் சட்டம் இருக்கிறதா என்று தேடுகிறோம். அதே 2018 ஜூனில், உரிய விதிகள் வகுக்கும் வரை படகுச் சவாரியும் பாராகிளைடிங்கும் கூடாது என்று உத்தராகண்ட் அரசுக்கு உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டிவந்தது.

தமிழ்நாட்டுத் திட்டம் சரியான திசையில் வைத்த முதல் அடி. ஆனால் அது எவ்வளவு சிறிய அடி என்பதைக் கணக்கு காட்டுகிறது. முதல் மூன்று மாதத்தில் ஏறத்தாழ 4,800 பேர் பதிவு செய்து நடந்தார்கள். 60 லட்சம் ரூபாய்க்கு மேல் வருவாய் வந்தது. அதில் பெரும்பங்கு மலைவாழ் வழிகாட்டிகளின் கைக்குப் போனது. 4,800-ஐ 40 தடங்களுக்கும் 90 நாளுக்கும் பங்கிட்டுப் பாருங்கள்: ஒரு தடத்தில் ஒரு நாளைக்கு ஒன்றரை ஆள்கூட இல்லை. சனி, ஞாயிறு மட்டும்தான் கூட்டம் வரும் என்று வைத்துக்கொண்டாலும் தடத்துக்கு ஐந்து பேர் தேறவில்லை. பாதுகாப்பான வழியில் மலையேற ஒரு மாநிலமே தந்த இடம் இவ்வளவுதான். மிச்சப் பேர் எங்கே போகிறார்கள்? வாட்ஸ்அப் குழுவில் ‘கேம்ப் ஃபயர், சிக்கன், கூடாரம்’ என்று விளம்பரம் பார்த்து, பெயர்ப்பலகைகூட இல்லாத ஏற்பாட்டாளரிடம் பணம் கட்டுகிறார்கள். இத்தகைய கூடாரங்களின் ஆபத்து கற்பனை அல்ல: கேரளத்து வயநாடு மேப்பாடியில் 2021 ஜனவரியில் காட்டோரக் கூடாரத்தில் தங்கியிருந்த ஒரு பெண்ணை யானை கொன்றது. கொழுக்குமலைச் சூரியோதயத்தைப் பார்க்கவும் கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில் குலுங்கிக்கொண்டு வருகிறார்கள். மலையோ தேனி மாவட்டத்தில் இருக்கிறது.

சாகசம் என்றாலே நெஞ்சில் அடித்துக்கொள்கிறவர்கள் ஒருமுறை சென்னைக்குத் தெற்கே கோவளத்துக்குப் போய்ப் பார்க்கட்டும். அலைச்சறுக்கு அங்கே வெளிநாட்டு முதலாளி கொண்டுவந்த கடையாக வளரவில்லை. மூர்த்தி மேகவன் என்ற மீனவர் தானே கற்று, குப்பத்துப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்து, அவர்களைப் பயிற்சியாளர்களாக ஆக்கினார். எந்த அலை எங்கே உடையும், நீரோட்டம் எந்த இடத்தில் இழுக்கும் என்பது அந்தப் பையன்களுக்குச் சின்ன வயதிலிருந்தே அத்துப்படி. பலகையில் படுத்திருக்கும் நகரத்துப் பெண்ணின் பின்னால் இடுப்பளவு நீரில் நின்று, சரியான அலை வரும்வரை பலகையைப் பிடித்துக்கொண்டு, ‘இப்போ எந்திரிங்க’ என்று தள்ளிவிடுகிறார்கள். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மாமல்லபுரத்துக்கு வந்ததற்கு இப்படிப்பட்ட கரையோரப் பிள்ளைகளின் உழைப்பும் காரணம். கடலில் கைகூடியது மலையில் கைகூடாதா? இருளரும் முதுவரும் காடரும் மலசரும் அதே அறிவோடு அங்கே இருக்கிறார்கள். காட்டில் அவர்களுக்குத் தினக்கூலி வேலைதான் கொடுத்தோம். உரிமத்தை இப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறோம்.

வனத்துறை இனி செய்ய வேண்டியது தெளிவு. வெள்ளியங்கிரியிலும், அதைப்போலவே பக்தர்கள் ஏறும் சதுரகிரி மலையிலும் ஏறும் ஒவ்வொருவருக்கும் இலவசப் பதிவு. நாற்பது வயதைத் தாண்டியவருக்கு அடிவாரத்தில் கட்டாய ரத்த அழுத்தச் சோதனை. இத்தனை பேருக்கு ஒரு வழிகாட்டி என்ற விகிதம், அவர் கூலி அரசின் பொறுப்பு. மலையேற்றத் தடங்கள் நாற்பதிலிருந்து நூறாக வேண்டும். இவற்றைச் செய்தால் மலையில் மரணம் என்ற செய்தி அபூர்வமாகிவிடும். செய்யாவிட்டால் ஒவ்வொரு பங்குனியிலும் அதே செய்தியை நாளிதழில் படிக்க வேண்டியிருக்கும்.

அதுவரை, விடுமுறைக்கு மலையோ கடலோ தேடுகிற குடும்பங்கள் முன்பணம் கட்டும் முன் மூன்றைக் கேட்டுப் பெறட்டும்: அனுமதிக் கடிதத்தின் நகல், கூட வரும் வழிகாட்டியின் பெயரும் ஊரும், காப்பீட்டு ரசீது. மூன்றில் ஒன்றைக் காட்டத் தயங்குகிற ஏற்பாட்டாளரிடம் பிள்ளைகளை ஒப்படைக்காதீர்கள்.