தலையாட்டிப் பொம்மையும் போலிப் பெயரும்

தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை நீங்கள் கொலுப்படியில் பார்த்திருப்பீர்கள். எந்தப் பக்கம் சாய்த்தாலும் நிமிர்ந்துவிடும் பொம்மைதான். அதன் அடிப்பாகம் அரைக்கோள வடிவமானது, களிமண்ணால் கனமாக்கப்பட்டது. மேல்பாகமோ காகிதக் கூழாலான இலேசான கூடு. ஆகவே பொம்மையின் ஈர்ப்பு மையம் அந்தக் கோளத்தின் மையத்துக்கும் கீழே அமைகிறது. பொம்மையைச் சாய்த்தால் ஈர்ப்பு மையம் உயர்கிறது; விட்டதும் தாழ்ந்த நிலைக்கே திரும்புகிறது.

இந்த விதி யாருடைய சொத்தும் அல்ல. சீனர்களும் ஜப்பானியர்களும் ரஷ்யர்களும் இதே விதியின்படி பொம்மைகள் செய்திருக்கிறார்கள். அதைத் திருட்டு என்று சொல்வது அறியாமை. பிளாஸ்டிக்கில் வார்த்து விற்பதையும் நான் குறை கூற மாட்டேன். ஆனால், எங்கோ அச்சில் வார்த்த பொம்மைக்குத் ‘தஞ்சாவூர்ப் பொம்மை’ என்று பெயரிட்டு விற்கிறார்களே, அதுதான் தவறு.

இதனால் என்ன நஷ்டம்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு குடும்பம் மாதம் 100 பொம்மைகள் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். பொம்மைக்கு அடக்கச் செலவு 100 ரூபாய், விலை 200 ரூபாய். மாத வருமானம் 10,000 ரூபாய். போலி வந்தபின் 70 பொம்மைகள்தாம் விற்கின்றன. வருமானம் 7,000 ரூபாய்தானே என்பீர்கள். இல்லை. போலியின் விலையைக் காட்டிக் கடைக்காரர் பேரம் பேசுவார். விலை 150 ரூபாய்க்கு இறங்கும். 70 பொம்மைகளுக்குத் தலா 50 ரூபாய் வீதம் 3,500 ரூபாய்தான் மிஞ்சும். விற்பனை குறைந்தது நூற்றுக்கு 30. வருமானம் குறைந்ததோ நூற்றுக்கு 65!

“நான் எப்படியும் அசலை வாங்கியிருக்க மாட்டேன், போலியை வாங்கினால் யாருக்கு நஷ்டம்?” என்று சிலர் கேட்பதுண்டு. திருட்டுத்தனமாகப் படம் பார்ப்பவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். போலி ஒவ்வொன்றும் அசலின் விற்பனையைப் பறிப்பதில்லை என்பது உண்மையே. ஆனால் மேலே போட்ட கணக்கில் பெரிய அடி விழுந்தது விலையில் அல்லவா?

3,500 ரூபாய் வருமானத்தில் எந்தத் தகப்பனார் மகனுக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுப்பார்? நம் காவிரிப் பக்கத்தில், விதை நெல்லைக் குத்திச் சாப்பிடும் நிலை என்றால் அதன் பொருள் எல்லோருக்கும் தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு நூலுக்கான உரிமை அதை எழுதியவரின் ஆயுட்காலமும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். தலையாட்டிப் பொம்மையை முதலில் செய்தவர் யார்? அவர் பெயர்கூடத் தெரியாது. எனவே அந்தக் கதவு மூடியே இருக்கிறது. 1999இல் இயற்றப்பட்டு 2003இல் நடைமுறைக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டம் வேறொரு கதவைத் திறந்தது. தஞ்சாவூர் ஓவியம் 2007-08இலும், பொம்மை 2008-09இலும், வீணை 2013இலும் இந்தக் குறியீட்டைப் பெற்றன. இது சாய்ந்தாடும் பொம்மை செய்வதைத் தடுப்பதில்லை. ஊர்ப் பெயரை மட்டுமே காக்கிறது. இந்தப் பிரிவினை சரியானதென்றே எனக்குப் படுகிறது. அறிவியலும் பொதுவாக இருக்கும், உழைப்பின் பெயரும் நிலைக்கும்.

ஆனால் பதிவேட்டில் இருக்கும் பெயர் தானாகக் கடைத்தெருவுக்கு வந்து போலியைப் பிடிப்பதில்லை. யாராவது புகார் கொடுக்க வேண்டும். வழக்கு நடத்த வேண்டும். மாதம் 3,500 ரூபாய் ஈட்டும் குடும்பம் எந்த வக்கீலிடம் போகும்? அந்தச் செலவை அரசின் கைத்தொழில் நிறுவனங்கள்தாம் ஏற்க வேண்டும். அதுவும் கொலுக் கடைகள் திறக்கும் முன்பே.