வெளிநாட்டில் வாழும் வாரிசின் பங்கு யார் பொறுப்பு?

வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ ஒரு பிள்ளையாவது இல்லாத முஸ்லிம் குடும்பம் நம் ஊர்களில் குறைவு. தந்தை வஃபாத்தானதும் ஊரில் இருக்கும் மகன் வங்கிக்குப் போகிறார். நாமினி இல்லாத பெரிய வைப்புத்தொகை என்றால், நீதிமன்றச் சான்றிதழ் கொண்டுவரச் சொல்கிறார்கள்.

இது தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் அல்ல. 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி நீதிமன்றம் தரும் சக்சஷன் சர்டிபிகேட். மனுவில் மரணித்தவரின் குடும்பத்தினர், நெருங்கிய உறவினர் ஆகியோரையும் அவர்கள் வசிக்கும் இடங்களையும் எழுத வேண்டும் என்கிறது 372-ஆம் பிரிவு. அதைப் பார்த்துத்தான் நீதிபதி நோட்டீஸ் அனுப்புகிறார். துபாயில் இருக்கும் தங்கையின் பெயரை அண்ணன் விட்டுவிட்டால், நீதிமன்றம் அவரைத் தேடிப் போகாது.

சான்றிதழ் வாங்கியவர் அந்தப் பணத்துக்கு உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. பணத்தைக் கொடுத்த வங்கிக்குத்தான் அது பாதுகாப்பு. வாங்கியவர் மற்ற வாரிசுகளுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். தேவைப்பட்டால் நீதிபதி அவரிடம் ஜாமீன் பத்திரம் கேட்கலாம். உண்மையை மறைத்துப் பெற்றிருந்தால் 383-ஆம் பிரிவின்படி சான்றிதழை ரத்து செய்யலாம். தன் பங்குக்காகத் தங்கை தனி வழக்கும் போடலாம்.

வீடு, நிலம் இந்தச் சான்றிதழில் வராது. அவற்றுக்குப் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் எல்லா வாரிசுகளும் கையெழுத்திட வேண்டும். வர இயலாதவர் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற பவர் பத்திரம் அனுப்பலாம். அது இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். எதற்கு அதிகாரம் என்பதை அதில் தெளிவாக எழுதுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்திட்டு அனுப்பாதீர்கள்.

பங்குப் பணத்தை அனுப்ப வழியில்லை என்பதும் சரியல்ல. என்ஆர்ஓ கணக்கில் சேர்த்து, வரி ஆவணங்களுடன் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்ப விதி இருக்கிறது.

"அவன்தான் அங்கே சம்பாதிக்கிறானே, இது எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்நிஸா அத்தியாயத்தின் 11, 12-ஆம் வசனங்களில் வாரிசின் வருமானமோ வசிக்கும் நாடோ நிபந்தனையாக இல்லை. கடனும் வஸிய்யத்தும் போக மீதி எல்லாம் வாரிசுகளுக்கு உரியது. தன் பங்கு எவ்வளவு என்று அறிந்து, மனமுவந்து விட்டுக்கொடுத்தால் அது வேறு விஷயம். அதுவரை ஊரில் இருப்பவர் கையில் உள்ளது அமானிதம். மனுவில் எல்லாப் பெயர்களையும் எழுதுவதே அந்த அமானிதத்தைப் பேணுவதன் முதல் படி.