துரித உணவகமும் முகாமையாளர் என்னும் பெயரும்

துரித உணவுத் தொழிலில் முன்னேற விழையும் இளைஞருக்கெனச் சில கதைகள் ஆயத்தமாக உள்ளன. சிட்னி நகரில் 15 வயதிலே மக்டொனால்ட்ஸ் கடையொன்றிற் பகுதிநேர வேலைக்குச் சேர்ந்த சார்லி பெல், 19 வயதிற் கடை முகாமையாளராகி, 2004 இல் அந்நிறுவனத்தின் பிரதம நிறைவேற்று அதிகாரியானார். அவருக்குப் பின் அப்பதவியை ஏற்ற ஜிம் ஸ்கின்னரும் 1971 இற் பயிலுநர் முகாமையாளராக நுழைந்தவரே. இவை மெய்யான கதைகள். பொய்க்கதையை மறுத்து ஒதுக்கிவிடலாம். மெய்யான ஒருவரைக் காட்டி இலட்சம் பேருக்கு வாக்குறுதி வழங்கப்படும்பொழுது மறுப்பது அத்துணை எளிதன்று.

இவ்வுணவகங்களில் முகாமைத்துவப் பதவிகள் உள என்பதை யாம் மறுக்கவில்லை. அங்கு முகாமைத்துவம் என வழங்கப்படுவது யாது என்பதே எமது வினா.

1948 இற் கலிபோர்னியாவின் சான் பேர்ணாடினோவில் மக்டொனால்ட் சகோதரர் இருவர் தம் உணவகத்தைச் சில மாதம் மூடிவைத்து, பரிமாறுவோரை நீக்கி, உணவுப் பட்டியலைச் சுருக்கி, சமையலைத் தொழிற்சாலை வேலைபோலக் கூறுபடுத்தினர். ஒருவர் இறைச்சியை வாட்டுவார். இன்னொருவர் பொதி சுற்றுவார். சமையற்காரர் என எவரும் இரார். 1955 இல் இலினோய் மாநிலத்திலே தம் முதற் கடையைத் திறந்த ரே குறொக் இம்முறையை எங்கும் பிரதிபண்ணத்தக்கதாக்கினார். அதற்கு விதி எழுதியவர் பிறெட் ரேணர். 1958 இல் வெளிவந்த அவரது கைந்நூல் 75 பக்கங் கொண்டது. உருளைக்கிழங்குத் துண்டின் தடிப்பு 0.28 அங்குலம், ஓர் இறாத்தல் இறைச்சிக்குப் பத்து வில்லைகள், வாட்டுந் தட்டில் அவற்றை அடுக்க ஆறு நிரைகள். ரேணர் 1968 இல் நிறுவனத்தின் தலைவரானார். அவரது உயர்வையும் மேற்குறித்த கதைகளோடு சேர்த்துச் சொல்வதுண்டு. ஆனால் அவர் விதியை ஆக்கியவர்; அவர்பின் வந்த முகாமையாளரோ அவ்விதியைக் காவல் செய்யப் பயிற்றப்பட்டவர். 1961 இல் உணவகமொன்றின் நிலக்கீழறையில் ‘ஹம்பேகர் பல்கலைக்கழகம்’ தொடங்கப்பட்டது அப்பயிற்சிக்காகவே. (பல்கலைக்கழகம் என்ற சொல் படும் பாட்டை இம்மலரின் வாசகர்க்கு யாம் விளக்க வேண்டுவதில்லை.)

முதலாளித்துவ உற்பத்தியிற் சிந்திப்போர் வேறு, செய்வோர் வேறு எனத் தொழில் பிளவுறுவதை ஹரி பிறேவர்மன் 1974 இல் விரிவாக ஆராய்ந்தார். துரித உணவகத்தில் அப்பிளவு ஒரு படி மேலேறியுள்ளது: கடை முகாமையாளரும் செய்வோர் பக்கத்திலேயே நிற்கின்றார். பட்டியலும் பாகமும் நிறுவனத்திலிருந்து வருகின்றன. விலையையும் கூலியையும் கிளையுரிமை பெற்ற முதலாளி தீர்மானிக்கின்றார். எஞ்சுவது, எத்தனை பேரை எந்த வேளைக்கு அழைப்பது என்பதே. அதுவும் விற்பனையின் இத்தனை வீதத்துக்கு மேற் கூலிச்செலவு போதலாகாது என்ற கட்டளைக்கு உட்பட்டது. விற்பனை மந்தமானால் ஒருவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். சற்று நேரத்திற் கூட்டம் வந்துவிட்டால், அனுப்பப்பட்டவரின் இடத்தில் நிற்பவர் யார்? முகாமையாளரே. மாதச் சம்பளக்காரரான அவரது மேலதிக மணித்தியாலங்கள் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. கடையிலே ஆகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் கைகள், மாலை எட்டு மணிக்குப் பின், அவருடையவை.

இதற்குச் சட்டமும் துணைநிற்கின்றது. 1938 ஆம் ஆண்டின் அமெரிக்கத் தொழிற்சட்டம் வாரத்தில் 40 மணித்தியாலத்துக்கு மேற்பட்ட வேலைக்கு ஒன்றரை மடங்கு கூலியை விதித்தது. நிறைவேற்றுத் தரத்தினரை அதிலிருந்து விலக்கியது. பேகர் கிங் உணவகங்களின் உதவி முகாமையாளர் தொடர்பான வழக்கில், அவர்கள் தம் நேரத்திற் பாதியளவேனும் மணிக்கூலி ஊழியரின் வேலையையே செய்தனர் என்பதை 1982 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் கண்டது. எனினும், பொரித்துக்கொண்டே பொறுப்பாகவும் இருக்கலாம் எனக் கூறி, அவருட் கூடிய சம்பளம் பெற்றோரை நிறைவேற்றுத் தரத்தினராகவே கொண்டது.

பட்டம் பெறாத ஏழை இளைஞருக்கு வேறெந்தத் தொழில் இவ்வாறு கதவு திறக்கும் எனச் சிலர் கேட்பர். நியாயமான கேள்வியே. 1955 இல் ஒரு கடையோடு தொடங்கிய குறொக்கின் நிறுவனம் 1968 இல் ஆயிரமாவது கடையைத் திறந்தது. அத்தகைய வளர்ச்சிக்காலத்தில் உள்ளே இருந்தவர் பலர் உயர்ந்தனர். ஆனால் அது வளர்ச்சியின் விளைவு. என்றும் நிலைத்திருக்கும் ஏணியன்று. அமெரிக்காவின் தேசிய வேலைவாய்ப்புச் சட்டச் செயற்றிட்டம் 2013 இல் வெளியிட்ட ஆய்வின்படி, துரித உணவுத் தொழிலின் வேலைகளில் முகாமை, உயர்தொழில், தொழினுட்பப் பதவிகள் யாவும் சேர்ந்து 2.2 சதவீதமே.

இஃது அமெரிக்கரின் விவகாரம் என நாம் வாளாவிருத்தலும் தகாது. 1990 களிலேயே இவ்வகைக் கடைகள் கொழும்பிலும் கால்கொண்டன. ‘முகாமைத்துவப் பயிலுநர்’ என்ற விளம்பரத்தைக் கண்டு விண்ணப்பம் வரையும் நண்பர், சம்பளத்தைக் கேட்குமுன் இரண்டைக் கேட்பாராக: எவற்றைத் தீர்மானிக்கும் அதிகாரம் எனக்குண்டு? என் வாரம் எத்தனை மணித்தியாலம்?

முகாமையாளரின் நிலை உயர்ந்த இடமொன்றும் உண்டு. 2012 நவெம்பரில் நியூயோர்க்கின் துரித உணவக ஊழியர் மணிக்கு 15 டொலர் கோரி வேலையைவிட்டு வெளியே வந்தனர். அங்குத் தொடங்கிய இயக்கம் பல நகரங்களுக்குப் பரவியது. கலிபோர்னியா 2023 இற் சட்டமியற்றி, நாடளாவ 60 கடைகளுக்குக் குறையாத நிறுவனங்களின் ஊழியருக்கு 2024 ஏப்பிரல் 1 முதல் மணிக்கு 20 டொலர் எனக் குறைந்தபட்சக் கூலியை நிர்ணயித்தது. மேலதிக நேரக் கூலியின்றி ஒருவரை முகாமையாளராக வைத்திருப்பதாயின், குறைந்தபட்சக் கூலியின் இருமடங்கை அவருக்குச் சம்பளமாகக் கொடுத்தல் வேண்டும் என்பது அம்மாநில விதி. ஆகவே அங்கு அத்தகைய முகாமையாளருக்கு ஆண்டுக்கு 83,200 டொலர் கொடுத்தாக வேண்டும். 2020 இல் நடைமுறைக்கு வந்த மத்திய விதியின் எல்லை 35,568 டொலர். இவ்வேறுபாட்டை அவருக்கு ஈட்டித் தந்தவர்கள், எவரைக் கீழே விட்டு ஏறுமாறு அவருக்குப் புத்தி சொல்லப்பட்டதோ அவர்களே.