சூடானால் அடங்கும் சத்தம்

"மலைக் குளிர்தான் காரணம், எஞ்சின் சூடானா சத்தம் போயிடும்." அதிகாலையில் 'டிக் டிக்' என்று தட்டும் வேனுக்கும் கொழுந்து லொறிக்கும் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் கிடைக்கும் ஆறுதல் இது. சத்தம் போவது உண்மை. கோளாறும் போய்விடுகிறது என்பதுதான் பொய்.

இந்தச் சத்தத்துக்குப் பின்னால் இருக்கக்கூடியது, எஞ்சினிலிருந்து புகையைத் திரட்டி வெளியேற்றும் எக்ஸோஸ்ட் மெனிபோல்டில் கசிவு. மெனிபோல்ட் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. குளிரில் சுருங்கும்போது வெடிப்பு வாய் திறக்கும். சூடேறினால் இரும்பு விரிந்து அடைத்துக்கொள்ளும். சூடானதும் சத்தம் அடங்குவது கசிவுக்கு ஓர் அடையாளம். "டெப்பட் சத்தம்" என்பவர்கள் கினிகத்தேனை ஏற்றத்தில் காதைக் கொடுக்கட்டும்: சுமை ஏற ஏற உரத்தால் கசிவையே முதலில் சந்தேகிக்க வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கையில் ஸ்டார்ட் செய்து, ஒரு ரப்பர் குழாயின் முனையைக் காதில் வைத்து மறுமுனையை மூட்டுகளின் ஓரமாக நகர்த்தினால் இடம் தெரிந்துவிடும். அங்கே கரிக்கோடும் படிந்திருக்கும்.

"புகை வெளியேதானே போகிறது?" சீட்டுக்கு அடியில் எஞ்சின் உள்ள வேனில், பனிக்குப் பயந்து கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப் போகிறவர் இதைச் சொல்லக் கூடாது. புகையில் உள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. தலைவலி, தூக்கக் கலக்கம் என்றுதான் தொடங்கும். பெட்ரோல் வண்டியில் ஆபத்து அதிகம். டீசல் புகையும் மருந்தல்ல.

கசிந்தால் இழுவை கூடும் என்பது வெறும் காது மயக்கம். சுமார் 1,868 மீட்டர் உயரத்து நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய 80 சதவீதம்தான். அந்தக் குறையை ஈடுகட்டும் டர்போவைச் சுழற்றுவதே இந்தப் புகை; வழியிலேயே கசிந்தால் ஏற்றத்தில் வண்டி திணறும். ஒட்சிசன் சென்சர் உள்ள பெட்ரோல் எஞ்சினிலோ, கசிவு வழியே உள்ளே இழுபடும் காற்று கணக்கைக் குழப்பி எண்ணெயை வீணாக்கும்.

"நட்டை முறுக்கினால் போதும்" என்பதுதான் செலவு வைக்கும் பேச்சு. துருப்பிடித்த ஸ்டட் முறிந்தால் சிலிண்டர் ஹெட்டையே கழற்ற நேரலாம். மெனிபோல்டின் முகப்பு வளைந்திருந்தால் புதுக் கெஸ்கெட்டும் நிற்காது. நேர்விளிம்பும் ஃபீலர் கேஜும் வைத்துப் பார்த்து, தேவையானால் பட்டறையில் சீவ வேண்டும். பூட்டும்போது நடுவிலிருந்து வெளிப்புறமாக, படிப்படியாக இறுக்க வேண்டும். பசை பூசுவது ஊர் போய்ச் சேர மட்டும். வெடித்த வார்ப்பிரும்பை முன்சூடேற்றாமல் வெல்டிங் செய்தால் பக்கத்திலேயே மறுபடி வெடிக்கலாம்.

இன்னொன்று: ஏற்றம் ஏறிய கையோடு பீலித் தண்ணீரை எஞ்சினில் ஊற்றாதீர்கள். வெடிப்புக்கு அதுவும் ஒரு காரணம்.